கலாட்டா வீட்டின் பூட்டு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பத்தின் பெண் குழந்தை ஓயாமல் கத்துகிறதாம், மாடிப்படியில் குதிக்கிறதாம். எல்லாரும் சேர்ந்து வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்ல வேண்டுமாம். வரிசையாகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. செயலாளர் நேரிலேயே வந்து, உங்கள் தலைக்கு மேல்தானே குதிக்கிறது, தொந்தரவு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற வயதில் ஒருத்தி இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவரும் நம்பவில்லை.

மைசூரில் தமிழ் பேசி வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் என்னைப் போல நீங்களும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு அழகாக எழுத வராது. கோபமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படிக்காதீர்கள்.

அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு வடாரத்தில் குடியிருந்தோம். வடாரம் என்றால் நடுவில் ஒரே முற்றம், ஒரே குழாய், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி ஓட்டு வீடுகள், வெளியே போக ஒரே சந்து. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் தமிழ் வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா ஒரு மில்லில் தறி ஓட்டினார். எல்லைக் காட்டோரத்தில் இருக்கும் கோபிநத்தம் பக்கத்து மனிதர். அம்மா, நான், என்னைவிட ரொம்பச் சின்னவனான தம்பி. அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

ஒருமுறை அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை மில்லுக்குக் கொண்டுபோனேன். தறிக்கூடத்தின் வாசல்வரை விட்டார்கள். தரை அதிர்ந்தது. பல் கூசியது. உள்ளே ஆட்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து அழப் பார்த்தேன். சண்டையில்லை. நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குரலைத்தான் அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஷிப்ட் முடிந்து சைக்கிள் கடை மூலையில் திரும்பும்போதே, "அம்முணீ! தண்ணி காஞ்சிருச்சா?" என்று ஒரு கூப்பாடு. அம்முணி நான்தான். அந்தச் சத்தம் சந்துக்குள் புகுந்து முற்றத்துக்கு வந்துசேர்ந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் அப்பா வருவார். பக்கத்து வீட்டுப் பூக்காரம்மா அதைக் கேட்ட பிறகுதான் மல்லிகைக் கூடையை ஓரம் வைத்துவிட்டு உலை ஏற்றுவாள். அவளுக்குக் கன்னடம்தான். ஆனால் அப்பா கத்திக் கத்தி அவளுக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. அம்மாவையே, "ஏ புள்ள, உப்பு இருக்கா?" என்று அப்பா மாதிரியே கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் கேரம் போர்டு போடுவார்கள். அப்பா, மில்லிலிருந்து அவரோடு தறி ஓட்டுகிற ஒருவர், பூக்காரம்மாவின் மகன், சைக்கிள் கடைப் பையன்கள். சிவப்புக் காயை அப்பா குழியில் போட்டால் ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், ஓட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். போரிக் பவுடரின் வாசனையும், அப்பாவின் பனியனில் இருந்த எண்ணெய் வாசனையும், பூக்காரம்மாவின் மல்லிகையும் கலந்து அடிக்கும். எங்கள் வீட்டுக்குத் தெருவில் கலாட்டா மனெ என்று பெயர். கலாட்டா வீடு. திட்டாகச் சொன்னதா, சிரித்துக்கொண்டு சொன்னதா என்று யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அது எடுபடவில்லை. "நிம் மனெலி எல்லாரூ ஹீகே கிர்ச்சுதாரா?" என்று டீச்சர் கேட்பார். உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் கத்துவீர்களா என்று. ஆமாம் மிஸ் என்று உரக்கச் சொன்னேன். பெஞ்சின்மேல் ஏற்றினார். ரௌடி என்று பெயர் வைத்தார். அப்பாவையும் அப்படித்தான் நினைத்தார்கள். அடங்காதவர், குடிப்பவராக இருக்கும், காட்டுப்பக்கத்து ஆள் என்றார்கள். அப்பா வெற்றிலைகூடப் போடமாட்டார். அவருக்குக் காது கேட்கவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. அவர் குரல் அப்படி, அவ்வளவுதான் என்று இருந்தோம்.

அந்த வருடம் தசரா முடிந்து, குளிர் தொடங்கியபோது தண்ணீர்த் தகராறு வந்தது. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெரியவர்கள் எங்கோ தீர்ப்புச் சொன்னார்கள். இங்கே தமிழ் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஒரு ஆபீசில் குமாஸ்தா. மேலே வரை பட்டன் போட்ட சட்டை. மெதுவாகப் பேசுகிறவர். குடும்பத்தில் படித்தவர் அவர்தான் என்பதால் அவர் சொன்னால் சட்டம். ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"பெங்களூர்ல ரொம்ப மோசமாப் போச்சு. பாலாறு செக்போஸ்ட்டோட பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க. நம்ம பக்கம் போய்க்கலாம்னு நெனைக்காத. இந்த வீட்டுல இருந்து தமிழ்ச் சத்தம் வெளிய வரக் கூடாது. கேட்டுச்சா?"

"நாங்க சும்மாதான் இருப்போம்ண்ணா," என்றாள் அம்மா. "அவரை என்ன பண்றது?"

அப்பா எதிரே உட்கார்ந்து இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங் மச்சான்? என்ன குசுகுசுங்கறீங்கொ? சத்தமாச் சொல்லுங்கொ!" என்று கத்தினார். முற்றத்தில் குழாயடியில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாப்பிள்ளை, இந்த ரௌடித்தனத்தை இன்னியோட விடுங்க. உங்க ஒருத்தர் வாயால எல்லாரும் சாகணுமா?"

அப்பாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ரௌடி என்ற சொல் மட்டும் புரிந்திருக்கும். எழுந்து போய் முகம் கழுவினார்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அடிபட்டவர்கள் இருந்தார்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள் இருந்தார்கள். அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அம்மாவும் மாமாவும் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அம்மா முதலில் தமிழ் நாள்காட்டியைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ரேடியோவில் கன்னட நிகழ்ச்சியை வைத்தாள். கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அப்பாவிடம் மெதுவாகப் பேசச் சொன்னாள். அப்பாவும் மெதுவாகத்தான் பேசினார். அவர் மெதுவாகப் பேசியது சந்து முனைவரை கேட்டது. உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். "இப்ப மெதுவாத்தானே புள்ள பேசறேன்!" என்று அவர் கத்தினார். கடைசியில் அம்மா எங்களைச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஒரு விதி போட்டாள்.

"அப்பாகிட்ட யாரும் பேசாதீங்க. பேசினா பதில் சொல்லுவாரு. பேசாம விட்டா அவரும் பேசமாட்டாரு."

இதைப் போல ஒரு யோசனை வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா? எங்கள் வீட்டில் நடந்தது. சோறு வைத்தால் தட்டைத் தள்ளினோம். அவர் கேட்டால் தலையாட்டினோம். ஒரு மனிதர் வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிறார், பெண்டாட்டியும் பிள்ளைகளும் வாய் திறப்பதில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால்தான் பதில் சொல்லிவிடுவாரே. முதலில் எங்களை வம்புக்கு இழுத்துப் பார்த்தார். என் காதைத் திருகி, "என்ன அம்முணி, பல்லு கொட்டிப் போச்சா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

எனக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. ஷிப்ட் விடும் நேரத்துக்கு முன்பே சைக்கிள் கடை மூலையில் போய் நிற்க வேண்டும். அப்பா என்னைக் கூப்பிடுவதற்கு முன் நான் அவரைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். தவறினால் போயிற்று. அந்த மூலையில்தான் இப்போது கொடி கட்டியிருந்தார்கள். பையன்கள் டயரை எரித்துவிட்டு நிற்பார்கள். ரப்பர் கருகும் நாற்றம் தொண்டையில் ஒட்டும். எந்த சைக்கிள் வந்தாலும் அப்பாவா என்று எட்டிப் பார்ப்பேன். பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு விநாடியைப் பற்றித்தான் யோசிப்பேன். அவர் வாய் திறப்பது முந்துமா, என் விரல் முந்துமா.

ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். விரலை வைத்தேன். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவர்களைத் தாண்டினார். பூக்காரம்மாவின் மகன் கும்பலில் இருந்தான். "ஏன் மாமா, இவத்து கலாட்டெ இல்வா?" என்றான். இன்றைக்குக் கலாட்டா இல்லையா என்று. இன்னொருவன் அப்பாவைப் போலவே, "அம்முணீ! தண்ணி காஞ்சிருச்சா?" என்று கத்திக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "மிரட்டறாங்க," என்றாள் அம்மா. ஜன்னலுக்குச் சாக்கு அடித்தாள்.

அடுத்த நாள் பூக்காரம்மாவே கதவைத் தட்டினாள்.

"ஏ புள்ள, என்னாச்சு உங்க வீட்ல? அவருக்கு உடம்பு சரியில்லையா? யாராது போய்ட்டாங்களா? சத்தமே இல்ல. எனக்கு உலை வெக்கவே மறந்து போகுது."

அம்மா கதவைக் கொஞ்சமே திறந்து, "ஏனு இல்லா," என்று சாத்திவிட்டாள். ஒன்றுமில்லை என்று, அதையும் கன்னடத்தில். சாத்திய கதவுக்கு வெளியே பூக்காரம்மா நின்றுகொண்டே இருந்தது கீழ் இடுக்கு வழியாகத் தெரிந்தது. அவள் கால் விரலில் மல்லிகை நார் ஒட்டியிருந்தது.

பந்த் என்று அறிவித்தார்கள். விடிகிறபோதே மாமா வந்தார், ஒரு பெரிய பூட்டோடு. "நீங்க உள்ள இருங்க. நான் வெளிய பூட்டிட்டுப் போறேன். பூட்டின வீட்டை யாரும் தட்டமாட்டாங்க. ஊருக்குப் போய்ட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க. இருட்டினதும் வந்து திறக்கறேன்." சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வடாரம் அப்போது எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்கதவு கிடையாது.

தம்பிக்குக் காலையிலேயே உடம்பு சுட்டது. அம்மா ஈரத்துணி போட்டாள். சாக்கு அடித்த ஜன்னல், மூடிய கதவு, ஸ்டவ் பற்றவைத்தால் வாசனை வெளியே போகும் என்று பழைய சோறு. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மில் மூடியிருந்தது. மெயின் ரோட்டில் கோஷம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை அது நெருங்கும்போதும் அம்மா தம்பியின் வாயில் முந்தானையை வைத்தாள்.

மத்தியானம் அவனுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே சொருகியது. பல் கிட்டியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் சாக்கைக் கிழித்து, "அக்கா... அக்கா..." என்றாள். அதுதான் அவளால் முடிந்த சத்தம். முற்றத்தில் ஆள் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். பெஞ்சின்மேல் ஏற்றப்பட்ட ரௌடி நான். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அப்பா எழுந்தார். தம்பியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். பிள்ளை ஒரு கையில் துடிக்கிறான், இன்னொரு கை புருஷன் வாயில். பயம் ஒரு மனுஷியை அப்படி நிறுத்தி வைத்திருந்தது.

"கைய எடு புள்ள," என்றார் அப்பா.

பல நாளுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். அம்மாவின் கையை எடுத்துக் கீழே விட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஹூவம்மோ! என்ற பையன் போறானே! ஹூவம்மோ!"

பூக்காரம்மாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான். ஓடு அதிர்ந்தது. ரோட்டில் கோஷம் நின்றதுபோல் இருந்தது. பயத்தில் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். பிறகு சந்துக்குள் காலடிச் சத்தம். நிறையக் கால்கள். ஓடி வருகின்றன. அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கேரம் போர்டின்மேல் விழுந்தேன். பவுடர் மூக்கில் ஏறியது. தும்மலை அடக்கிக்கொண்டு கதவிடுக்கில் நிழல்களைப் பார்த்தேன். கதவில் இரும்பு மோதியது. முடிந்தது என்று நினைத்தேன்.

"லோ, கலாட்டா மாமா ஒளகே இதாரே கணோ!"

டேய், கலாட்டா மாமா உள்ளேதான்டா இருக்கிறார். பூக்காரம்மாவின் மகன். சைக்கிள் கடையில் டயர் கழற்றும் இரும்புப் பட்டையால் பூட்டை நெம்பினார்கள். கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தவள் பூக்காரம்மா. தம்பியைப் பார்த்ததும் அவனைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்து, "ஓடு!" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏ புள்ள, புத்தி இருக்கா உனக்கு? எங்களுக்குப் பயந்தா பூட்டிக்கிட்டே? நாவேனு ஹுலீனா? புலியா நாங்க?"



ஆட்டோ கிடையாது. அப்பா பிள்ளையைத் தோளில் போட்டு ஓடினார். கொடி பிடித்திருந்த அதே பையன்கள் முன்னால் ஓடினார்கள். "மகு! மகு!" குழந்தை, குழந்தை என்று கத்தி ரோட்டை நிறைத்திருந்த கும்பலைப் பிளந்தார்கள். கும்பல் ஒதுங்கியது. அப்பா தமிழில் கத்திக்கொண்டே ஓடினார். யாரும் தொடவில்லை. நானும் பின்னால் ஓடினேன், செருப்பில்லாமல்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தம்பி அடங்கினான். நர்ஸ் அப்பாவின் பக்கத்தில் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, உதடு மட்டும் அசைய, "நானும் தமிழ்தாண்ணா, பயப்படாதீங்க," என்றார். "என்னங்?" என்று அப்பா வார்டே அதிரும்படி கேட்டார். நர்ஸ் நடுங்கிப்போய் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரும் என்னைப் போலத்தான் என்று இப்போது புரிகிறது.

இருட்டியதும், நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில், மாமா சாவியோடு வந்தார். பூட்டு உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "உடைச்சிட்டாங்களா? பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். காதில் விழுந்ததா தெரியாது. அவர் மனதில் உடைந்த பூட்டு மட்டும்தான் நின்றது. சொந்தக்காரர்களிடமெல்லாம், தங்கச்சி வீட்டுப் பூட்டைக் கும்பல் உடைத்துவிட்டது, பிள்ளைகள் பிழைத்ததே பெரிது என்று சொன்னார். அம்மா மறுக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில்கூட மாமாவின் மகன் இதைத்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். யார் உடைத்தார்கள், எதற்கு உடைத்தார்கள் என்று நான் பந்தியிலேயே எழுந்து நின்று கத்தினேன். ஏன் இந்த வயதில் கலாட்டா பண்ணுகிறாய் என்றார்கள்.

பொங்கலுக்குள் மாமா எங்களுக்கு வேறு வீடு பார்த்துவிட்டார். ஊருக்கு வெளியே புது லேஅவுட், தனி வீடு, அமைதியான இடம். காலி செய்த அன்று பூக்காரம்மா வெளியே வரவில்லை. கேரம் போர்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புது வீட்டில் அழைப்பு மணி இருந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து அதை அழுத்திவிட்டு, கதவு திறக்கும்வரை நிற்பார். உள்ளே வந்து கை காட்டுவார், தண்ணீர், சோறு என்று. தகராறு ஓய்ந்த பிறகு அம்மா அவரிடம் பேசிப் பார்த்தாள். நானும் பேசினேன். கேட்டார், தலையாட்டினார். நாங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்தானே. அம்முணி என்று ஒருமுறைகூட மூலையிலிருந்து கூப்பிடவில்லை.

அப்பாவுக்கு வயதான பிறகு ஒரு டாக்டர் அவர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "தறி வேலையா? எத்தனை வருஷமாக் கேக்கல?" என்று சாதாரணமாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. தம்பிக்கு எதுவும் நினைவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேலே தடதடவென்று சத்தம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. வளைவில் திரும்பினால் அந்தக் குழந்தை. ஆறேழு வயது இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் கதவைப் பாதி திறந்தபடி அதன் அம்மா. அவள் உதட்டிலும் விரல். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் இந்தி பேசுவார்கள் என்று கேள்வி. மில்லோ, கம்பெனியோ, எதற்கோ இந்த ஊருக்கு வந்தவர்கள்.

எனக்கு இந்தி வராது. பால் பையைப் படியில் வைத்தேன். மூச்சை இழுத்து, அப்பா மூலையில் திரும்பும்போது கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன்.

"அம்முணீ! தண்ணி காஞ்சிருச்சா?"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழே ஒரு கதவு திறந்தது, இன்னொன்று திறந்தது. "ஏனாய்து மேடம்? ஏனாய்து?" என்று செயலாளர் பனியனோடு ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள்.

குழந்தை விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தது. பிறகு என்னைவிடச் சத்தமாகக் கத்தியது.